வீட்டு வெளிச்சத்தை நாமே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பல வருடங்களாக விளக்கு வேலைகளைக் கையால் செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாமே யாராவது ஒருவர் நேரில் கேட்ட கேள்விகள்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஹாலில் வெளிச்சம் போதவில்லை. வாட்ஸ் கூடின பல்பு போட்டால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. பல்பு வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, நீங்கள் தினமும் வேலை பார்க்கும் இடங்களில் ஒவ்வொன்றாகப் போய் நில்லுங்கள். காய் நறுக்கும் மேடை, பேப்பர் படிக்கும் நாற்காலி, துணி மடிக்கும் கட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி. ஒவ்வொரு இடத்திலும் கையை நீட்டி, உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வேலை நடக்கும் இடத்தின் மேலேயே நிழல் விழுந்தால், அங்கே குறை வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது வருகிற திசையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஆறு மாதமாக "அரிசியில கல்லு தெரிய மாட்டேங்குதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். பவர் மாறவில்லை, அதே கண்ணாடி போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மா நின்ற இடத்தில் நான் நின்று பார்த்தேன். டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில், எட்டடி உயரத்தில் இருந்தது. முறத்தைக் கையில் எடுத்துக் குனிந்தால் தலை, தோள் இரண்டின் நிழலும் முறத்தை அப்படியே மூடிவிட்டது. அந்த டியூப்பை நாற்பது வாட்டாக மாற்றியிருந்தாலும் நிழல்தான் இன்னும் கறுப்பாக விழுந்திருக்கும். மேடைக்கு மேலே இருந்த அலமாரியின் அடியில் இரண்டடி நீள எல்.இ.டி. பட்டி ஒன்றை மாட்டினேன். 10 வாட்தான். மறுநாள் காலையில் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்து, "இங்க பாரு, தவிட்டு நிறக் கல்லுகூடத் தெரியுது" என்றார்.

அறை முழுவதற்கும் சேர்த்து ஒரு பெரிய விளக்கு போடுவதைவிட, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு போடுவது நல்லது. தூரம் பாதியானால் ஒரு பல்பிலிருந்து விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். எட்டடி மேலே தொங்கும் பல்பை நான்கடிக்கு இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பெட்டியில் லூமென், கெல்வின், சி.ஆர்.ஐ. என்று ஏதேதோ போட்டிருக்கிறதே, எதைப் பார்த்து வாங்குவது?

வாட்ஸ் என்பது பல்பு எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்கிற கணக்கு. வெளிச்சத்தின் அளவு லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் கொடுத்தது. இப்போதைய 9 வாட் எல்.இ.டி. பல்பு 800, 900 லூமென் கொடுக்கிறது. ஒரே வாட்ஸில் இரண்டு கம்பெனி பல்புகள் இருந்தால் லூமென் கூட இருப்பதை எடுங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமென் வந்தால் நல்ல பல்பு.

லக்ஸ் என்றும் ஒரு சொல் அடிபடும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்பதுதான் லக்ஸ். படிக்க, தைக்க 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். உட்கார்ந்து பேச 100 போதும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரே ஒரு 20 வாட் டியூப் போட்டால், சுவரும் கூரையும் தின்றது போக நூறு லக்ஸ் தேறும். பேச்சுக்கும் டிவிக்கும் சரி, ஊசியில் நூல் கோக்கப் போதாது. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. எண் துல்லியமாக இருக்காது, ஆனால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கெல்வின் என்பது நிறம். அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

பலரும் பார்க்காமல் விடுவது சி.ஆர்.ஐ. பொருள்களின் நிஜ நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்கு மார்க் போடுகிற மாதிரி. இதற்குக் காரணம் எல்.இ.டி. பல்புக்கு உள்ளேயே இருக்கிறது. நாம் வெள்ளை என்று நினைக்கும் எல்.இ.டி. உண்மையில் நீல விளக்கு. நீல ஒளி அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் வழியாக வரும்போது, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மலிவான பல்புகளில் அந்தப் பாஸ்பர் தரமாக இருக்காது, சிவப்பு நிறம் குறைந்துபோகும். அதனால்தான் தக்காளி வெளிறித் தெரியும், பட்டுப்புடவையின் அரக்கு பழுப்பாகத் தெரியும், வீட்டில் எல்லோரும் உடம்பு சரியில்லாதவர்கள் மாதிரி இருப்பார்கள். சாதாரண அறைகளுக்கு 80 போதும். சமையலறைக்கும் கண்ணாடி முன்னாலும் 90 கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்குங்கள்.

மஞ்சள் விளக்கு நல்லதா, வெள்ளை விளக்கு நல்லதா?

கடையில் மூன்று வகை கிடைக்கும். வார்ம் ஒயிட் 2700 முதல் 3000 கெல்வின், பழைய குண்டு பல்பு நிறம். நேச்சுரல் ஒயிட் 4000 கெல்வின். கூல் டே லைட் 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை.

நம் ஊரில் கேட்காமலேயே 6500-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "பளிச்னு இருக்கும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெயில் காலத்துப் பகலில் வருகிற நிறம் அது. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறையில் அந்த நீலம் உடம்பிடம் இன்னும் பொழுது போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். படுக்கையறைக்கும் பூஜை அறைக்கும் 2700 அல்லது 3000 போடுங்கள். அகல் விளக்கு எரியும் இடத்தில் 6500 டியூப்பைப் போட்டால் சுடரின் அழகே போய்விடுகிறது. சமையலறை, படிக்கும் மேஜை, தையல் மிஷின் இருக்கும் இடத்துக்கு 4000. ஹாலில் இரண்டு வகையும் தனித்தனி சுவிட்சில் இருப்பது வசதி. ஒரே அறையில் 3000-ம் 6500-ம் ஒன்றாக எரிய வேண்டாம், இரண்டுமே அழுக்காகத் தெரியும்.

செலவே இல்லாமல் வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?

முடியும், நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது இதைத்தான். டியூப்பையும் பல்பையும் அணைத்து, ஆறவிட்டு, கழற்றி, ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள். சமையலறை டியூப் மேல் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் துணியில் தொட்டுத் துடைத்தால்தான் போகும். காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அப்புறம் ஜன்னலின் கொசுவலை. ரோட்டோர வீடுகளில் வருடக்கணக்கில் தூசி பிடித்த வலை பகல் வெளிச்சத்தைத் திரை மாதிரி தடுத்துவிடும். வலையைக் கழற்றி அலசிவிட்டு, மாட்டாமல் ஒரு நிமிடம் அறையைப் பாருங்கள். பிறகு மாட்டிப் பாருங்கள்.

கொஞ்சம் செலவு பண்ணலாம் என்றால் கூரைக்கு வெள்ளை அடியுங்கள். வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் பெரும் பங்கைத் திருப்பிக் கொடுக்கும். அடர் நீலமோ அரக்கோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்த வீடு பிரகாசமாகத் தெரிவது இதனால்தான். சுவருக்குப் பிடித்த நிறம் அடித்தாலும் கூரையை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுங்கள்.

ஜன்னலுக்கு எதிரே மூன்றடி சந்தும் பக்கத்து வீட்டுச் சுவரும் இருந்தால், அந்தச் சுவரைப் பாருங்கள். பாசி பிடித்துக் கறுத்திருக்கும். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் ஜன்னல் உயரத்துக்கு அதில் வெள்ளை அடித்துவிடுங்கள். சந்துக்குள் மேலிருந்து விழும் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு உங்கள் அறைக்குள் வரும். ஒரு வாளி சுண்ணாம்பில் முடிகிற வேலை.

எங்கள் வீட்டில் பகலிலேயே விளக்கு போட வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

கூரையைப் பொறுத்தது. ஓட்டு வீடு என்றால் கண்ணாடி ஓடு இருக்கிறது. நம் பெரியவர்கள் ரொம்ப காலமாகச் செய்துவந்த ஏற்பாடு, இன்றும் இதைவிட எளிதானது இல்லை. அதே அளவில் கிடைக்கும் கண்ணாடி ஓட்டை வாங்கி, இருக்கிற ஓடு ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். வடக்குச் சரிவில் வைத்தால் வெளிச்சம் வரும், வெயில் அவ்வளவாக இறங்காது. மேற்குச் சரிவில் வைத்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் அறை அடுப்பாகிவிடும். ஓட்டின் மேல் ஏறும்போது கட்டையிருக்கும் இடத்தில் மட்டும் காலை வையுங்கள், பழக்கமில்லை என்றால் ஓடு மாற்றுகிறவரையே கூப்பிடுங்கள்.

தகரக் கூரைக்கு, ஒரு ஷீட்டை எடுத்துவிட்டு அதே வளைவுள்ள ஒளி ஊடுருவும் ஷீட்டைப் போடலாம். அதற்கும் வசதியில்லாதவர்களுக்குப் பாட்டில் விளக்கு. பிரேசிலில் உபெராபா என்ற ஊரைச் சேர்ந்த ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-ல், அங்கே கரண்ட் தட்டுப்பாடு வந்த சமயத்தில் கண்டுபிடித்தது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச் ஊற்றி, தகரத்தில் ஓட்டை போட்டு, பாட்டிலின் மூன்றில் ஒரு பங்கு வெளியே இருக்கும்படி செருகி, சுற்றிலும் சிலிக்கான் பூச வேண்டும். வெளியே விழும் வெயிலைத் தண்ணீர் வாங்கி அறைக்குள் நாலாபக்கமும் சிதறவிடும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் வரும். பிலிப்பைன்ஸில் 2011-ல் இருந்து இதை ஓர் இயக்கமாகவே எடுத்துச் செய்து ஏராளமான வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மாட்டுக் கொட்டகைக்கும் பின்கட்டுக்கும் அருமையானது. ஓட்டையை பாட்டிலைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டி விளிம்பை மேல்நோக்கி மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அந்த வழியாகத்தான் ஒழுகும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் ஓட்டை போடாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுவிடும்.

எதை நாமே செய்யலாம், எதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும்?

பல்பு, டியூப், சுவிட்ச், ஹோல்டர் போன்று ஏற்கெனவே இருப்பதை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே அளவில் வேறொன்றை வைப்பது நம் வேலை. பிளக்கில் செருகி எரியும் எதுவும் நம் வேலை. சுவருக்குள் புது வயர் இழுப்பது, புது பாயின்ட் எடுப்பது, மெயின் போர்டைத் திறப்பது எல்லாம் லைசென்ஸ் உள்ளவரின் வேலை. மின் பாதுகாப்பு விதிகளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகின்றன.

நம் வேலையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, அந்த லைனுக்கான எம்.சி.பி.யை (மெயின் போர்டில் இருக்கும், லோடு கூடினால் தானே விழும் சுவிட்சை) இறக்குங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குப் போகும் பிளக்கை உருவுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மெயினையே இறக்கினாலும் இன்வர்ட்டர் லைனில் 230 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும், விளக்கு பாயின்ட்கள் பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். பிறகு டெஸ்டரை, கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாயின்ட்டில் வைத்து எரிகிறதா பாருங்கள். எரிந்தால் டெஸ்டர் நன்றாக இருக்கிறது. அதற்கப்புறம் நீங்கள் கை வைக்கப்போகும் வயரில் வையுங்கள். மறுபடி தெரிந்த பாயின்ட்டில் வையுங்கள். டெஸ்டரே கெட்டுப்போயிருந்ததால் அடி வாங்கியவர்கள் உண்டு.

ரப்பர் செருப்பு, காய்ந்த கை, மர ஸ்டூல் அல்லது ஏணி. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடு என்றால், அலங்கார விளக்குக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குக் கொடுங்கள்.

பழைய சோக், ஸ்டார்ட்டர் வைத்த டியூப் லைட்டை எப்படி மாற்றுவது?

பழைய பட்டியை வைத்துக்கொண்டு டியூப்பை மட்டும் எல்.இ.டி. ஆக்கலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் சோக்கை விலக்கி உள்ளே வயரை மாற்றிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பெனி டியூப்புக்கும் அது ஒவ்வொரு மாதிரி. பட்டியோடு கழற்றிவிட்டு, முழு எல்.இ.டி. பட்டியை மாட்டுவதுதான் என் யோசனை. 20 வாட், நான்கடி.

கரண்டை நிறுத்தி டெஸ்டரில் பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டியூப்பைக் கால் சுற்று திருப்பி இறக்குங்கள். சோக் இருக்கும் பழைய பட்டி எடை அதிகம், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பட்டியைத் திறந்தால் சுவரிலிருந்து வரும் இரண்டு வயர் கனெக்டரில் முடியும். அவற்றை விடுவித்து, இரண்டு திருப்பு ஆணியையும் கழற்றினால் பட்டி கையோடு வரும். இப்போது சுவரிலிருந்து வரும் வயரின் மேல்தோலை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்தால் நல்லது. அப்பளம் மாதிரி நொறுங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புதுப் பட்டியோடு இரண்டு கிளிப் வரும். பழைய ஓட்டைகளுக்கு அது பொருந்தாது, அரை இஞ்ச் தள்ளித்தான் வரும். ஒரு கயிறு கட்டி மட்டம் பார்த்து, 6 மி.மீ. துளை போட்டு, ரால் பிளக் (திருப்பு ஆணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழல்) அடித்து, கிளிப்பை முடுக்குங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு டேப்பின் பசை இளகி இரண்டு வருடத்தில் நழுவிவிடும். பத்து ரூபாய் கனெக்டரில் திருகி முடுக்குங்கள்.

கழற்றிய டியூப்பை உடைக்காதீர்கள். உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. பழைய சி.எஃப்.எல். பல்பும் அப்படித்தான். கைதவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் குழந்தைகளை வெளியே அனுப்பி, துடைப்பத்தால் பெருக்காமல் ஒரு அட்டையால் வாரி, ஈரத் துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அலமாரிக்கு அடியில் ஸ்டிரிப் லைட் ஒட்டலாமா? என்ன வாங்க வேண்டும்?

பூஜை அலமாரி, பீரோ உள்ளே, புத்தக அடுக்கு, டிவிக்குப் பின்னால் என்று ஸ்டிரிப் நன்றாக இருக்கும். சமையல் மேடைக்கு மட்டும் நான் ஸ்டிரிப்பைச் சொல்ல மாட்டேன். எண்ணெய்ப் புகையில் ஒட்டுப் பசை விட்டுவிடும், துடைக்கவும் முடியாது. அங்கே மேலே சொன்ன இரண்டடிப் பட்டிதான் சரி. அதை அலமாரியின் முன் விளிம்பை ஒட்டி, உள்பக்கமாக மாட்டுங்கள். சுவரை ஒட்டி மாட்டினால் கண்ணில் குத்தும்.

ஸ்டிரிப் கணக்கு இப்படி. சாதாரணமாகக் கிடைப்பது 12 வோல்ட், 5 மீட்டர் சுருள். 3528 என்ற வகையில் மீட்டருக்கு 60 எல்.இ.டி. இருந்தால் மீட்டருக்கு 4.8 வாட், சுருள் முழுக்க 24 வாட். 24-ஐ 12-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். அடாப்டரை எப்போதும் கொஞ்சம் கூட வாங்குங்கள், இதற்கு 3 ஆம்பியர். 5050 என்ற வகையில் அதே 60 எல்.இ.டி.க்கு மீட்டருக்கு 14.4 வாட், சுருளுக்கு 72 வாட், 6 ஆம்பியர். அதற்கு 8 ஆம்பியர் அடாப்டராவது வேண்டும். செட்டாப் பாக்ஸோடு வந்த பழைய அடாப்டரை இதற்கு மாட்டினால் அது கொதித்துப்போகும்.

மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை செம்புப் புள்ளிகளும் கத்தரிக்கோல் குறியும் இருக்கும், அங்கே மட்டும் வெட்டலாம். 5 மீட்டருக்கு மேல் ஒரே நீளமாக இழுத்தால் கடைசியில் மங்கிவிடும். இரண்டு துண்டாக்கி இரண்டுக்கும் அடாப்டரிலிருந்து தனித்தனியாக வயர் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் பலகையை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். வெறும் பலகையில் ஒட்டுவதைவிடப் பால் நிற மூடியுள்ள அலுமினிய சேனலுக்குள் ஒட்டினால் சூடு வெளியேறும், புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாக ஒளி வரும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக எரிகிறதே?

மூன்று காரணம் இருக்கலாம். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகப் போகும் துளிக் கரண்டே போதும். நீளமான வயர் இன்னொரு வயரோடு ஒட்டிப் போயிருந்தாலும் துளி கரண்ட் தூண்டப்படும். இரண்டாலும் ஆபத்தில்லை, வேறு கம்பெனி பல்பு போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூன்றாவதைக் கவனியுங்கள். சுவிட்ச் ஃபேஸில், அதாவது கரண்ட் வரும் வயரில், வர வேண்டும். வயரிங் செய்தவர் தவறி, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டர் பின்களில் டெஸ்டரை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். அதுவரை அந்த ஹோல்டரில் பல்பு மாற்றும்போது எம்.சி.பி.யை இறக்காமல் கை வைக்காதீர்கள்.

பத்து வருடம் வரும் என்று வாங்கிய பல்பு ஒரே வருடத்தில் போய்விடுகிறது. ஏன்?

சூடு. எல்.இ.டி. சில்லு பல காலம் உழைக்கும், ஆனால் அடியில் இருக்கும் சின்ன சர்க்யூட் வெப்பம் தாங்காது. முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள்ளும், அடுப்புக்கு நேர் மேலேயும் போட்டால் சீக்கிரம் போகும். கூண்டு விளக்குக்கு 9 வாட் வேண்டாம், 5 வாட் போடுங்கள். ஹோல்டர் பின் தளர்ந்து பொறி பறந்தாலும் பல்பு போகும். அதே ஹோல்டரில் இரண்டாவது பல்பும் போனால் ஹோல்டரை மாற்றுங்கள். வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டியில் மாற்றிக் கொடுப்பார்கள், நம்மில் பலர் கேட்பதே இல்லை.

போன பல்பைத் திறந்து எரிந்த எல்.இ.டி.யை ஷார்ட் செய்து எரியவைக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலான பல்புகளில் உள்ளே இருக்கும் தட்டுக்கும் மெயின் கரண்டுக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் கிடையாது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளுக்கு அந்த வேலை வேண்டாம்.

கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும்?

பழைய 40 வாட் டியூப், சோக் தின்பதையும் சேர்த்து 50 வாட். தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 20 வாட் பட்டிக்கு 7 யூனிட் சொச்சம். நான்கு டியூப் மாற்றினால் ஒரு பில்லுக்கு நாற்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும் என்பதால், மிச்சமாகும் யூனிட்கள் விலை கூடின மேல் படியிலிருந்துதான் கழியும்.

இன்னொன்று, ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, பழைய குண்டு வகை 15 வாட் வரை எடுக்கும். ராத்திரி முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்தில் எட்டு யூனிட். அதே ஹோல்டரில் அரை வாட் எல்.இ.டி. நைட் பல்பு போடலாம்.

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கவே விட மாட்டார்கள். என்ன செய்வது?

ஹோல்டரில் இருக்கும் பல்பை மாற்ற யார் அனுமதியும் வேண்டாம். போகும்போது பழையதை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிப் விளக்கு, மேஜை விளக்கு, பிளக் பட்டி மூன்றும் இருந்தால் எந்த அறையையும் சரிசெய்துவிடலாம். நின்று எரியும் விளக்கை மூலையில் வைத்து வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டால், சுவரே பெரிய விளக்காகிவிடும்.

வயதான அப்பா அம்மாவுக்காகத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கண்டிப்பாக. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேரும். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்கு இருட்டு. அதே சமயம் கண்ணுக்கு நேராக வரும் விளக்கு அவர்களை நம்மைவிட அதிகம் கூச வைக்கும். அதனால் கூடுதல் வெளிச்சம் வேண்டும், பல்பு மட்டும் கண்ணில் படக்கூடாது.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரியில் நடக்கும் வழியைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பிளக் பாயின்ட்களில் ஆளைக் கண்டால் எரியும் சென்சார் நைட் லைட், மஞ்சள் நிறத்தில், இரண்டு அல்லது மூன்று செருகிவிடுங்கள். தரையும் வாசற்படியின் விளிம்பும் தெரியும், தூக்கமும் கலையாது. பாத்ரூம் நிலைப்படியின் விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டுங்கள். எங்கள் பெரியப்பா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது அப்படி ஒரு இரண்டு இஞ்ச் படியில்தான். அது நடந்த பிறகே எங்களுக்கு இது தோன்றியது. நீங்கள் அதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஈசல் வந்து வீடு நிறைந்துவிடுகிறது. விளக்கை மாற்றினால் குறையுமா?

குறையும். பூச்சிகளை நீலமும் புற ஊதாவும்தான் அதிகம் இழுக்கும். வாசலிலும் பால்கனியிலும் 6500-ஐ எடுத்துவிட்டு 2700 போடுங்கள். ஈசல் கிளம்பும் சாயங்காலம் வீட்டுக்குள் விளக்கை அணைத்து, தெருப் பக்கம் தள்ளி ஒரு வெள்ளை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

மார்கழியில் விடியற்காலை கோலம் போடும்போது புள்ளியே தெரிவதில்லை. வாசல் விளக்குக்குப் பெரிய பல்பு போட்டாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இதையேதான் கேட்டார். கதவுக்கு மேலே 15 வாட் பல்பு. அவர் வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து புள்ளி வைக்கிறார். வைக்கிற புள்ளியின் மேல் அவர் நிழலே விழுகிறது. தெருவைப் பார்த்துப் போடாமல் வீட்டைப் பார்த்துத் திரும்பினால் பல்பு நேராகக் கண்ணில் அடிக்கிறது.

கேட்டுத் தூணில், இடுப்பு உயரத்தில், 5 வாட் வார்ம் விளக்கு ஒன்றை மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்க்கும்படி மாட்டினோம். மழையில் நனையும் இடம், அதனால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான ஐ.பி. 65 குறி போட்ட ஃபிட்டிங். வயர் கேட்டுப் பக்கம் ஏற்கெனவே வந்திருந்தது, இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டிருப்போம். பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்து, மாவு புடைத்துக்கொண்டு தெரிகிறது. முதல் நாள் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுவிட்டு, "தம்பி, கதவு மேல இருக்கற பல்ப கழட்டிரவா?" என்று கேட்டார். கழற்ற வேண்டாம் அக்கா, கோலம் போடும்போது மட்டும் அணைத்து வையுங்கள் என்றேன்.